பிரஷர் மாத்திரை சர்க்கரையை ஏற்றுமா?

சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு வரும் ஒருவருக்கு ரத்த அழுத்தமும் கூடியிருப்பது தெரியவருகிறது. மருத்துவர் இன்னொரு மாத்திரையைச் சேர்க்கிறார். மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுத்துப் பார்த்தால் சர்க்கரை முன்பைவிடக் கொஞ்சம் ஏறியிருக்கிறது. சாப்பாட்டில் மாற்றமில்லை, காலை நடையும் தவறவில்லை. "இந்தப் பிரஷர் மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்துதான் சுகர் ஏறுது" என்று வீட்டில் பேச்சு எழுகிறது. சில நாட்களில் யாரிடமும் சொல்லாமல் அந்த மாத்திரை நின்றுபோகிறது.

நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது இது. அவருடைய சந்தேகத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. சில ரத்த அழுத்த மருந்துகள் உண்மையிலேயே சர்க்கரையை ஏற்றுகின்றன. மருத்துவ உலகம் இதை 60 ஆண்டுகளுக்கும் மேலாக அறிந்திருக்கிறது. எந்த மருந்து, எவ்வளவு ஏற்றுகிறது, அந்த ஏற்றத்தால் உடலுக்கு என்ன ஆகிறது என்பதையும் அதே 60 ஆண்டுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்த அளவுகள் தெரியாமல் மாத்திரையை நிறுத்துபவர் பெரிய ஆபத்தைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

இரண்டு நோயும் ஒருவரிடமே வந்து சேருவது தற்செயல் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நாடெங்கும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. வயதுவந்தோரில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அழுத்தத்துக்கும் ஆளாகிறார்கள். வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பும், இன்சுலின் சொல்வதை உடல் சரியாகக் கேட்காததும், சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்வதும் இரண்டு நோய்களுக்கும் பொதுவான வேர்கள்.

முதலில் சந்தேகத்துக்கு ஆளான மருந்துக் குடும்பம் தையசைடு. 1958இல் அமெரிக்காவின் மெர்க் நிறுவனம் குளோரோதையசைடை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் அழுத்தத்துக்கு இருந்த மருந்துகள் குறைவு. இருந்தவையும் நோயாளியைப் படுத்தி எடுப்பவை. மாத்திரையாக விழுங்கி, சிறுநீர் வழியே உப்பை வெளியேற்றி, அழுத்தத்தைக் குறைக்கலாம் என்பது அந்தக் காலத்தில் பெரிய விடுதலை. ஆனால் மருந்து வந்த ஒன்றிரண்டு ஆண்டுகளிலேயே அதைச் சாப்பிடும் நீரிழிவு நோயாளிகளின் சர்க்கரை ஏறுவதை மருத்துவர்கள் கவனித்தார்கள்.

ஏன் ஏறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லுக்குள் போக வேண்டும். ரத்தத்தில் குளுக்கோஸ் கூடும்போது அது பீட்டா செல்லுக்குள் நுழைந்து எரிகிறது. ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு பெருகுகிறது. செல்லின் சுவரில் பொட்டாசியம் வெளியேறும் நுண்ணிய வழிகள் இருக்கின்றன. ஏடிபி பெருகியதும் இந்த வழிகள் மூடிக்கொள்கின்றன. பொட்டாசியம் வெளியேற முடியாமல் போகவே செல்சுவரின் மின்னழுத்தம் மாறுகிறது; அதனால் கால்சியம் நுழையும் வழிகள் திறக்கின்றன; கால்சியம் உள்ளே பாய்ந்ததும் தயாராக இருக்கும் இன்சுலின் ரத்தத்துக்குள் விடப்படுகிறது. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் நமக்குள் நடப்பது இதுதான்.

இதில் பொட்டாசியம் வழி எத்தனை முக்கியமானது என்பதைத் தையசைடின் நெருங்கிய உறவான டயசாக்சைடு காட்டிக்கொடுத்தது. வேதிக் கட்டமைப்பில் தையசைடை ஒத்திருந்தாலும் இது சிறுநீரைப் பெருக்காது. ரத்தக் குழாய்களை நேரடியாகத் தளர்த்தும். அழுத்தம் எகிறி உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவர்களுக்கு ஊசியாகப் போடப்பட்டது. போட்டுக்கொண்டவர்களுக்குச் சர்க்கரையும் சட்டென்று ஏறியது. பீட்டா செல்லின் பொட்டாசியம் வழிகளை இது மூடவிடாமல் திறந்தே வைத்திருக்கிறது என்பதும், அதனால் இன்சுலின் வெளிவராமல் போகிறது என்பதும் பின்னாளில் தெளிவாயின. நீரிழிவுக்கு நாம் சாப்பிடும் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் அதே வழியை மூடி இன்சுலினை வரவழைப்பவை. பிறவியிலேயே இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து சர்க்கரை அபாயகரமாக இறங்கும் குழந்தைகளுக்கு டயசாக்சைடு இன்றும் உயிர்காக்கும் மருந்து. ஒருவருக்குக் கெடுதலாக முடிந்த விளைவே இன்னொருவருக்குச் சிகிச்சையாகிவிட்டது.

சாதாரணத் தையசைடு அவ்வளவு முரட்டுத்தனமாக வேலை செய்வதில்லை. உப்போடு பொட்டாசியத்தையும் அது சிறுநீரில் இழுத்துக்கொண்டு போகிறது. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் இன்சுலின் சுரப்பு மந்தமாகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பொட்டாசியம் எவ்வளவு இறங்கியதோ அதற்கேற்பச் சர்க்கரை ஏறியிருந்தது. ஆகவே மருந்தின் அளவு இங்கே எல்லாவற்றையும்விட முக்கியம். அந்தக் காலத்தில் ஹைட்ரோகுளோரோதையசைடை நாளுக்கு 50, 100 மில்லிகிராம் என்று கொடுத்தார்கள். இன்று பெரும்பாலும் 12.5 மில்லிகிராமில் தொடங்குகிறார்கள். பழைய அளவில் பிறந்த கெட்ட பெயரை இன்றைய சிறிய அளவின் மீது அப்படியே சுமத்துவது சரியல்ல.

இந்த மருந்து தன் மாத்திரையில் இருக்கிறதா என்பதே பலருக்குத் தெரியாது. இந்தியக் கடைகளில் டெல்மிசார்ட்டன் அட்டையில் பெயருக்குப் பின்னால் 'எச்' என்று இருந்தால் உள்ளே பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்திருக்கும். 'சிடி' என்றால் குளோர்தாலிடோன் என்னும் அதன் உறவு. 'ஏஎம்' என்றால் அம்லோடிபின். அட்டையைத் திருப்பி, சிறிய எழுத்தில் அச்சிட்ட மூலப்பெயர்களை ஒருமுறை வாசித்து வைத்துக்கொள்வது நல்லது.

சரி, எவ்வளவு ஏறுகிறது? வட அமெரிக்காவில் 33,000க்கும் மேற்பட்டோரை வைத்து நடத்திய ஆல்ஹாட் ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. ஒரு குழுவுக்குக் குளோர்தாலிடோன், மற்றொன்றுக்கு அம்லோடிபின், மூன்றாவதற்கு லிசினோபிரில். தொடக்கத்தில் நீரிழிவு இல்லாதவர்களில் நான்கு ஆண்டுகளில் புதிதாக நீரிழிவு வந்தவர்கள் முறையே 11.6, 9.8, 8.1 சதவீதம். வித்தியாசம் உண்மையானது. ஆனால் மாரடைப்பைத் தடுப்பதில் மூன்று குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. இதயச் செயலிழப்பைத் தடுப்பதில் சர்க்கரையை ஏற்றிய குளோர்தாலிடோன் மற்ற இரண்டையும் முந்தியது.

முதியோரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஷெப் ஆய்வு இன்னும் ஆழமாகப் போனது. அதில் பங்கேற்றவர்களைச் சராசரியாக 14 ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். குளோர்தாலிடோன் சாப்பிடும்போது நீரிழிவு வந்தவர்களுக்கு இதயநோயால் இறக்கும் ஆபத்து குறிப்பிடும்படி கூடியிருக்கவில்லை. முன்பே நீரிழிவு இருந்தவர்களைப் பார்த்தால், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இந்த மருந்தைச் சாப்பிட்டவர்களில் இறப்பு குறைவாகவே இருந்தது. சர்க்கரைக் கணக்கில் சற்றே இழந்ததைவிட, அழுத்தம் குறைந்ததால் பெற்றது அதிகம்.

அடுத்த குடும்பம் பீட்டா பிளாக்கர்கள். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக் 1960களில் புரோப்ரனோலாலை உருவாக்கினார். 1988இல் நோபல் பரிசு பெற்றார். அட்ரினலின் இதயத்தைத் துரத்துவதை இவை தடுக்கின்றன. நம் ஊரில் அட்டினலாலும் மெட்டோபிரலாலும் மிகவும் பழக்கமானவை. இவை உடல் எடையைச் சற்றுக் கூட்டும், இன்சுலினின் வேலைத்திறனைச் சற்றுக் குறைக்கும். எல்லாம் ஒரே மாதிரி அல்ல: 2004இல் வெளியான ஜெமினி ஆய்வில் கார்வெடிலால் சாப்பிட்ட நீரிழிவு நோயாளிகளின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) மாறாமல் இருந்தது, மெட்டோபிரலால் சாப்பிட்டவர்களுக்கு அது 0.15 புள்ளி ஏறியது.

சர்க்கரை ஏறுவதைவிட இந்த மருந்துகளில் கவனிக்க வேண்டியது சர்க்கரை இறங்கும் நேரம். இன்சுலின் போடுபவருக்கோ கிளிமிபிரைடு சாப்பிடுபவருக்கோ சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும். அட்ரினலின் அடிக்கும் எச்சரிக்கை மணி அது. பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கு நடுக்கமும் படபடப்பும் அமுங்கிப்போகலாம். வியர்வை மட்டும் தப்பிவிடும். வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்புகள் அசிட்டைல்கோலின் என்ற வேறு வேதிப்பொருளால் பேசுகின்றன, பீட்டா பிளாக்கரால் அதைத் தடுக்க முடியாது. எனவே பீட்டா பிளாக்கரோடு இன்சுலினோ கிளிமிபிரைடோ சேர்த்து எடுத்துக்கொள்பவர் காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தால் உடனே விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும், அல்லது தயங்காமல் மூன்று, நான்கு டீஸ்பூன் சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டிலிருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று: மாரடைப்பு வந்தவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் இம்மருந்துகளில் சில அவசியமானவை. திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம்.

பீட்டா பிளாக்கரை நீரிழிவு நோயாளிக்குக் கொடுக்கலாமா என்ற தயக்கத்துக்கு நேரடியாக விடை தேடியது பிரிட்டனின் யூகேபிடிஎஸ் ஆய்வு. ஆக்ஸ்போர்டில் ராபர்ட் டர்னர் 1977இல் தொடங்கி 20 ஆண்டுகள் நடத்தியது. அதற்குள் ஒரு கிளையாக, நீரிழிவும் அழுத்தமும் சேர்ந்திருந்த 1,148 பேரைப் பிரித்தார்கள். 758 பேருக்கு அழுத்தத்தை இறுக்கிப் பிடிப்பது, 390 பேருக்குச் சற்றுத் தளர்த்தி விடுவது. இறுக்கிப் பிடித்தவர்களில் 400 பேருக்குக் கேப்டோபிரில், 358 பேருக்கு அட்டினலால்.

அட்டினலால் குழுவின் எடை சராசரியாக 3.4 கிலோ கூடியது, கேப்டோபிரில் குழுவில் 1.6 கிலோ. முதல் நான்கு ஆண்டுகளில் மூன்று மாதச் சராசரி அட்டினலால் குழுவில் 7.5, மற்றதில் 7.0. அரைப் புள்ளி என்பது நீரிழிவு மருத்துவத்தில் அற்பமானதல்ல. அப்படியிருந்தும் பக்கவாதம், மாரடைப்பு, கண், சிறுநீரகம் என்று எதை எண்ணிப் பார்த்தாலும் இரு குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவு பயனடைந்திருந்தன.

இறுக்கமான குழுவின் சராசரி அழுத்தம் 144/82, தளர்வான குழுவின் சராசரி 154/87. வெறும் 10 புள்ளி, 5 புள்ளி வித்தியாசம். அதனால் நீரிழிவு சார்ந்த இறப்பு 32 சதவீதம் குறைந்தது, பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது, கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ப் பாதிப்புகள் 37 சதவீதம் குறைந்தன. இதே யூகேபிடிஎஸ்ஸில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியை 7.9க்குப் பதிலாக 7.0இல் வைத்திருந்தபோது நுண்குழாய்ப் பாதிப்பு 25 சதவீதம்தான் குறைந்தது. 1998இல் இந்த எண்கள் வெளியானபோது நீரிழிவு மருத்துவத்தின் கவனமே திரும்பியது. கண்ணுக்குள் ரத்தக்கசிவு வராமல் தடுப்பதில் சர்க்கரை மாத்திரைக்கு நிகரான பங்கு பிரஷர் மாத்திரைக்கும் உண்டு என்று எத்தனை நோயாளிகளிடம் இன்றைக்கும் யாராவது எடுத்துச் சொல்கிறார்கள் என்பது எனக்குக் கவலை தரும் கேள்வி.

கேப்டோபிரில் பிறந்த கதை பிரேசிலின் பாம்பிலிருந்து தொடங்குகிறது. ஜராராக்கா என்னும் விரியன் கடித்தவர்களின் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அதன் நஞ்சிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்த செர்ஜியோ ஃபெரேரா 1965இல் அதைப் பற்றி எழுதி, பிறகு அதை லண்டனில் ஜான் வேன் நடத்திய ஆய்வகத்துக்குக் கொண்டுசென்றார். அது ரத்தக் குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கிறது என்று தெரிந்தது. ஸ்குவிப் நிறுவனத்தின் ஒன்டெட்டியும் குஷ்மனும் அதைப் பின்பற்றி வாயால் விழுங்கக்கூடிய மருந்தைச் செய்தார்கள். 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எனாலாபிரில், ராமிபிரில் என்று 'பிரில்' குடும்பம் வளர்ந்தது. இவற்றால் சிலருக்கு வரும் வறட்டு இருமல் இல்லாமல் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும் லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் போன்ற 'சார்ட்டன்'கள் பின்னால் வந்தன.

இவை சர்க்கரையைக் கெடுப்பதில்லை. இவற்றுக்கு நீரிழிவு மருத்துவத்தில் முதலிடம் கிடைத்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் சிறுநீரகம். சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டியும் நுண்குழாய்களின் சிறு முடிச்சு. ரத்தம் ஒரு குழாய் வழியே வந்து இன்னொன்று வழியே போகிறது. நீரிழிவில் வரும் குழாய் விரிகிறது, போகும் குழாய் சுருங்குகிறது. வாய்க்காலில் தண்ணீர் தாராளமாக வந்து, வடியும் மடை மட்டும் குறுகியிருந்தால் வயலின் வரப்பு என்ன பாடு படுமோ அதுதான் இந்த வடிகட்டியின் கதியும். அழுத்தம் தாங்காமல் சுவர் சிதைந்து சிறுநீரில் புரதம் கசிகிறது. போகும் குழாயைச் சுருக்குவது ஆஞ்சியோடென்சின். பிரிலும் சார்ட்டனும் அதைத் தளர்த்தி உள்ளழுத்தத்தைக் குறைக்கின்றன. 1993இல் முதல் வகை நீரிழிவால் சிறுநீரகம் பாதித்த 409 பேரிடம் நடத்திய ஆய்வில், இறப்பு, டயாலிசிஸ், சிறுநீரக மாற்று ஆகியவற்றின் கூட்டு ஆபத்தைக் கேப்டோபிரில் பாதியாகக் குறைத்தது. 2001இல் லோசார்ட்டனும் இர்பெசார்ட்டனும் இரண்டாம் வகையினரின் சிறுநீரகத்தைக் காப்பதாக நிரூபணமானது.

இந்த மருந்து தொடங்கியதும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறுவது உண்டு. அதைப் பார்த்து "சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது" என்று நிறுத்திவிடுகிறார்கள். உள்ளழுத்தம் குறைந்ததால் வடிப்பு சற்றுக் குறைந்ததன் அடையாளம் அது. 30 சதவீதம் வரையிலான ஏற்றத்தை மருத்துவர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். அதற்கு மேல் போனால் மருத்துவர் காரணம் தேட வேண்டும். உண்மையான எச்சரிக்கை பொட்டாசியம் பற்றியது. தையசைடு அதைக் குறைக்கும், இவை கூட்டும். சிறுநீரகம் பழுதுபட்டவர் பிரிலோ சார்ட்டனோ சாப்பிட்டுக்கொண்டு நாள்தோறும் இளநீர் குடிப்பதும், சோடியம் குறைந்த உப்பு என்று விற்கும் பொட்டாசியம் உப்பைச் சமையலில் சேர்ப்பதும் இதயத்துடிப்பைக் குலைக்கும் அளவுக்குப் போகலாம். கர்ப்பிணிகள் இம்மருந்துகளைச் சாப்பிடக் கூடாது. கருவிலுள்ள குழந்தையின் சிறுநீரகத்தை இவை பாதிக்கும்.

சார்ட்டன்கள் சர்க்கரையையும் குறைத்துத் தரும் என்ற ஆசை ஒருகாலத்தில் இருந்தது. 2010இல் நேவிகேட்டர் ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களுக்கு வல்சார்ட்டன் கொடுத்தபோது நீரிழிவு வருவது 14 சதவீதம் குறைந்தது. நல்ல செய்திதான்; ஆனாலும் உணவும் நடையும் தரும் பலனுக்கு அருகில்கூட அது வரவில்லை. டெல்மிசார்ட்டன் சாப்பிடுவதால் சர்க்கரை மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கால்சியம் வழிகளை அடைக்கும் மருந்துகள்தான் எதிர்பாராத திருப்பத்தைத் தந்தவை. இன்சுலின் வெளிவர கால்சியம் வேண்டும் என்று பார்த்தோம். அப்படியானால் அம்லோடிபினும் வெராபமிலும் சர்க்கரையை ஏற்ற வேண்டுமே? அளவுக்கு மீறி விழுங்கியவர்களுக்கு ஏறத்தான் செய்கிறது. வழக்கமான அளவில் அம்லோடிபின் சர்க்கரையைத் தொடுவதில்லை. வெராபமில் இன்னும் ஒரு படி போனது. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் அனத் ஷாலெவ், பீட்டா செல்லைச் சாகடிக்கும் ஒரு புரதத்தை வெராபமில் குறைக்கிறது என்று கண்டார். 2023இல், முதல் வகை நீரிழிவு புதிதாக வந்த சிறுவர்களுக்கு ஓராண்டு வெராபமில் கொடுத்த ஆய்வு வெளியானது. கொடுக்கப்படாதவர்களைவிட அவர்களிடம் சொந்த இன்சுலின் சுரப்பு 30 சதவீதம் அதிகமாக மிஞ்சியிருந்தது. வழக்கமான சிகிச்சையாக ஆகும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை. எதிர்த்திசையில், சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மாத்திரைகள் அழுத்தத்தையும் சில புள்ளிகள் இறக்குகின்றன. அவற்றைத் தொடங்கும்போது தையசைடு போன்ற நீர் மாத்திரையின் அளவை மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

ஆக, புது பிரஷர் மாத்திரைக்குப் பிறகு சர்க்கரை ஏறினால் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை தெளிவானவை. இதில் தையசைடோ பீட்டா பிளாக்கரோ இருக்கிறதா? இருந்தால் அளவைக் குறைக்க முடியுமா, வேறொன்றுக்கு மாற்ற முடியுமா, இதயத்துக்காக அதுவே வேண்டுமா? பொட்டாசியம் பார்த்தாயிற்றா? மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு ஏதும் இடையில் சேர்ந்ததா? ஸ்டீராய்டு ஏற்றும் அளவுக்கு எந்த பிரஷர் மாத்திரையும் சர்க்கரையை ஏற்றாது. பெரும்பாலும் சர்க்கரை மாத்திரையில் சிறு திருத்தம் செய்தால் போதும்.

மாத்திரையைத் தானாக நிறுத்திப் பார்ப்பவர்களுக்கு யூகேபிடிஎஸ் ஆய்வே ஒரு பின்கதையைத் தந்திருக்கிறது. ஆய்வு முடிந்ததும் நோயாளிகள் தத்தம் ஊர் மருத்துவர்களிடம் திரும்பினார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் இறுக்கிப் பிடித்தவர்களின் அழுத்தமும் தளர்த்தி விட்டவர்களின் அழுத்தமும் ஒன்றாகிவிட்டன. 2008இல் ருரி ஹோல்மனும் குழுவினரும் கணக்கெடுத்தார்கள். சர்க்கரையைத் தொடக்கத்தில் கட்டுப்படுத்தியவர்களுக்கு, பிறகு சர்க்கரை வித்தியாசம் மறைந்த பின்னும் பலன் பல ஆண்டுகள் தொடர்ந்தது, மாரடைப்புகூடக் குறைந்தது. அழுத்தக் குழுவில் அந்தப் பலன் பெரும்பாலும் மிஞ்சவில்லை. பக்கவாதத்திலும் நீரிழிவு சார்ந்த இறப்பிலும் ஆய்வுக் காலத்தில் கண்ட குறைவு, அழுத்த வித்தியாசம் மறைந்த பிறகு நிலைக்கவில்லை.